புரட்டிய முட்டைகள்

ரோமா, டிசம்பர் 3

அன்புள்ள க்ளெனிஸ்,

நான் உன்னைப் பேசவே விடுவதில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதனால் கடிதம். நீ வீட்டில் விட்டுப்போன உன் மலைப்பாம்பு ஆலிவ் முட்டை போட்டிருக்கிறாள்! ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தவற்றைப் பதமாகப் பிரித்து, என் கோழி இன்குபேட்டரில் வைத்துக் காலையும் மாலையும் புரட்டிவிடுகிறேன். காலமெல்லாம் குஞ்சு பொரித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு.

உன் நெவில்

பண்டபெர்க், டிசம்பர் 8

நெவில்,

புரட்டாதே! பாம்பு முட்டையில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டி வளரும். தலைகீழானால் செத்துப்போகும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? எல்லாவற்றையும் கோழி மாதிரியே நடத்துகிறாய், என்னையும் சேர்த்து. போன மாதம் இங்கே பெர்ல் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்து, "ஏறு, போகலாம்"னு கத்தினாயே, "வர்றியா"ன்னு கேட்டாயா? கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். ஏதாவது பிழைத்தால் எழுது.

க்ளெனிஸ்

ரோமா, பிப்ரவரி 4

அன்புள்ள க்ளெனிஸ்,

நான் புரட்டிய முட்டைகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. கொன்றது நான்தான். பிரிக்க வராததால் புரட்டாமல் ஓரத்தில் விட்டிருந்த இரண்டு மட்டும் பிழைத்தன.

நேற்று முன்தினம் ஒரு குட்டி ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டியது. அப்படியே இருந்துவிட்டது. கோழிக்குஞ்சு என்றால் நானே ஓட்டை உரித்து எடுத்திருப்பேன். கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அதுவாகவே வெளியே வந்தது, பின்னாலேயே மற்றதும். நான் அழுதுவிட்டேன்.

நீ இல்லாத வீடு எனக்குச் சகிக்கவில்லை. உனக்குத் திரும்பி வர விருப்பமா? இல்லை என்றாலும் எழுது.

நெவில்

பண்டபெர்க், பிப்ரவரி 10

அன்புள்ள நெவில்,

உன் கடிதத்தைப் பெர்ல் அக்காவிடம் காட்டினேன். "நெவிலா எழுதினான்? யாரோ பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்திருக்காங்கடி"ன்னு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருப்பமில்லை, நெவில். இங்கே கடல் பக்கம் எனக்கென்று ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். இதை ஹாரன் அடித்தவனிடம் சொல்லியிருக்க முடியாது. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். இதை எழுதும்போது நானும் அழுகிறேன்.

குட்டிகள் முதல் தோலை உரித்த பிறகுதான் எலிக்குஞ்சு கொடு. தின்னாவிட்டால் வாயைத் திறந்து திணிக்காதே, எனக்கு எழுது.

அவற்றைப் பார்க்க ஒரு நாள் வரலாமா?

க்ளெனிஸ்