நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

மார்ச் 4

அன்புள்ள தூரத்துக்காரருக்கு,

நலம். மாமாவும் நலம். போனில் பேசினால் ஏழாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்தோமே, அதன்படி முதல் கடிதம் என்னுடையது.

நேற்று நடைபாலத்தில் எங்கள் மருத்துவமனைச் சலவைக்காரம்மா விழுந்துவிட்டார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்துப் பலகை ஆடும் என்று எல்லோருக்கும் தெரியும், தாண்டித்தான் போவோம். அவர் தலையில் மூட்டை இருந்ததால் கீழே பார்க்கவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. நான் கட்டுப் போடும்போதும், "துணியெல்லாம் ஆத்தோட போயிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் உங்கள் நிறுவனம் புதுப் பாலம் கட்டப் போகிறதாமே. படத்தை நகராட்சி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். கார் போகிறது, லாரி போகிறது, நாலு பறவைகூடப் பறக்கிறது. நடக்கிற மனிதர் ஒருவரைக் காணோம். நடைபாதை எங்கே? மாமாவின் பூட்டுச் சாவிக் கடை அக்கரையில்தானே இருக்கிறது? உங்கள் அப்பாவுக்காகவாவது கேட்டுச் சொல்லுங்கள்.

எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் கடிதத்திலும் ஏழாவது நிமிடம் வந்துவிடும்.

உங்கள் ஊசி

மார்ச் 13

என் அன்பு ஊசிக்கு,

உன் கடிதத்தை விமான நிலையத்தில் இரண்டு முறை படித்தேன். கையில் மூன்று நாட்டு வேலை. சில காலைகளில் எந்த ஊரில் கண் விழித்திருக்கிறேன் என்பது பல் விளக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது.

நடைபாதை விஷயம் சொல்கிறேன். அரசாங்கத்திடம் பாலம் கட்டப் பணமில்லை. இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால்காரர்கள் போட்டுவைத்த சேமிப்பு ஒரு பெரிய நிதியாக இருக்கிறது. அதைக் கொண்டுவந்து பாலம் கட்டி, முப்பது வருடம் சுங்கம் வசூலித்து, அவர்களுக்கு லாபத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, பாலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைப்போம். அந்த ஒப்பந்தத்தை எழுதுவதுதான் உன் கணவனின் பிழைப்பு. பணம் போடுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: தினம் எத்தனை வண்டி போகும்? நடக்கிறவர்களை யாரும் எண்ணவே இல்லை. எண்ணாதவர்களுக்குப் பாதை கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நீ எண்ணித் தா. ஒரு வாரம், காலை முதல் மாலை வரை. உன் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் இருக்கட்டும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 20 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. முடிந்ததும் வருகிறேன். இந்த முறை நிச்சயம்.

உன் தூரத்துக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள தூரத்துக்காரருக்கு,

எண்ணிவிட்டோம்! காலையில் நான், பகலில் மாமா, மாலையில் தலைமை நர்ஸ். ஒவ்வொரு நூறு பேருக்கும் மாமா ஒரு பழைய சாவியை வளையத்தில் கோத்துக்கொண்டே வந்தார். கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நான் வருத்தப்பட்டால், "என் பையன் கேட்டிருக்கான்ல" என்று ஒரே பெருமை.

போகிறவர்களை மட்டும்தான் எண்ணினோம். வருகிறவர்களையும் சேர்த்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார் அல்லவா? நாள் ஒன்றுக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். தையல் ஆலைப் பெண்கள்தான் பாதிக்கு மேல். அவர்களில் ஒருத்தி நின்று, "என்னக்கா, தலைய எண்ணுறீங்க? ஏதாச்சும் குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டாள். "நடைபாதை குடுக்கப் போறாங்க, என் வீட்டுக்காரர் பாத்துக்குவார்" என்றேன். சொல்லும்போது எனக்கே தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

தாள்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உங்கள் ஊசி

ஏப்ரல் 25

என் அன்பு ஊசிக்கு,

நடைபாதை கிடைத்துவிட்டது! இரண்டு பேர் தாராளமாக எதிரெதிரே நடக்கலாம். கைப்பிடி, விளக்கு, மேலே கூரை. உன் தாள்களைக் கூட்டத்தில் வைத்தபோது ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவை இப்போது ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பு. உன் பெயர் அச்சில் இருக்கிறது.

நீ போகிறவர்களை மட்டும் எண்ணியிருக்கிறாய். திரும்பி வருவார்கள்தானே, அதனால் இரண்டால் பெருக்கிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் காசு கட்டினால் வழிவிடும் சுழல்கதவு வரும். கட்டணம் சின்னதுதான், ஒரு தடவைக்கு ஒரு தேநீர் விலை. மூன்று கிலோமீட்டருக்குள் வேறு வழி இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. அதன்படி பழைய நடைபாலத்தைக் கழற்றிவிடுவார்கள். இனி யாரும் விழ மாட்டார்கள்.

அப்பாவிடம் சொல். எண்ணியது வீண்போகவில்லை.

உன் தூரத்துக்காரன்

மே 4

கணவருக்கு,

கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

போக ஒரு தேநீர், வர ஒரு தேநீர். சலவைக்காரம்மா ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு தேநீர்தான் குடிக்கிறார். நாங்கள் எண்ணாமல் இருந்தவரை எங்களை யாரும் தொடவில்லை. பலகை ஆடினாலும் பாலம் எங்களுடையதாக இருந்தது. நான்தான் வழியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எண்ணி உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். அந்தத் தையல்காரப் பெண் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் குனிந்துகொள்கிறேன்.

என் தாள்களைத் திருப்பி அனுப்புங்கள்.

செவிலியர், மூன்றாம் வார்டு

மே 15

என் ஊசிக்கு,

நாலு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

மூன்று கிலோமீட்டர் விதியை எழுதியது நான்தான். வேறொரு நாட்டில் ஒரு சுரங்கப்பாதைக்காக எழுதியதை அப்படியே எடுத்து இதில் வைத்தேன். நடக்கிறவர்கள் கணக்கில் இல்லாதவரை அந்த நடைபாலம் யார் கண்ணிலும் படவில்லை. உன் தாள் வந்த பிறகு அது போட்டியாகிவிட்டது. எனக்கு அது உறைத்தபோது எல்லாம் அச்சாகிவிட்டது. சத்தியமாக உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

இப்போது உன் தாள்களை ஒப்பந்தத்திலிருந்து உருவ முடியாது. உன் எண்ணிக்கையை நம்பித்தான் கடைசித் தவணைப் பணமே வருகிறது. எடுத்தால் மொத்தமும் சரியும், முதலில் போவது என் வேலை. நம் வீட்டுக் கடனுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார். அந்த ஓய்வூதியக்காரர்களும் மனிதர்கள்தான். எனக்குத் தூக்கமே வருவதில்லை.

ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. உனக்கும் அப்பாவுக்கும் முப்பது வருட இலவச அட்டை வாங்கியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜூன் 7 அன்று அங்கே மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும். வெறும் சடங்கு. தயவுசெய்து போகாதே.

உன் தூரத்துக்காரன்

ஜூன் 9

அன்புள்ள தூரத்துக்காரருக்கு,

போனேன்.

நகராட்சிக் கூடத்தில் உட்கார இடமில்லை. அதிகாரி ஏழாம் இணைப்பைத் தூக்கிக் காட்டி, "இதுல இருக்கிற கையெழுத்து யாரோடது?" என்று கேட்டார். எழுந்தேன். ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன்.

"என்னோடதுதான் சார்."

"எண்ணிக்கை சரிதானே?"

"ரொம்பச் சரி. ஆனா சும்மா நடக்கிறவங்களத்தான் எண்ணினேன். காசு கேட்டா எத்தன பேர் நடப்பாங்கன்னு எண்ணல. அது எனக்கும் தெரியாது, இதை எழுதினவங்களுக்கும் தெரியாது."

உங்கள் நிறுவனத்திலிருந்து வந்தவர் தண்ணீர் குடித்தார். பின்னால் சலவைக்காரம்மா கோலை ஊன்றி எழுந்து, "நான் நடக்க மாட்டேன்" என்றார். அப்புறம் தையல் ஆலைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசியில் மாமா. அந்தச் சாவி வளையத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "இத என் பையனுக்காகக் கோத்தேன்யா" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. எழுதிக் கொடுத்தேன். மறுபடி ஆய்வு செய்ய வேண்டும், இருபதாம் தேதி கையெழுத்து இல்லை என்று அங்கேயே அறிவித்தார்கள். இதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் வேலை போகலாம் என்று தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இனி எழுதாமல் போய்விடுவீர்களோ என்று இன்றைக்கு இரண்டு முறை தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உங்கள் கடிதம் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று தெரிந்தும் பார்த்தேன்.

அட்டைகள் இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மாமா தன்னுடையதைத் தொடக்கூட இல்லை.

கோபம் ஆறினால் வாருங்கள். ஆறாவிட்டாலும் வாருங்கள், ஏழு நிமிடம் நேரில் சண்டை போடலாம். ரயிலடியிலிருந்து வண்டி வேண்டாம், நடந்தே வந்துவிடலாம், பாலம் இருக்கிறது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்துப் பலகையை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்து வாருங்கள்.

உங்கள் ஊசி