கருப்பு ஓரம்

11-12-1971, சனி

போர்முனையில் இருக்கும் தம்பியின் கடிதம் இன்று எங்கள் பனியன் கம்பெனி முகவரிக்கு வந்தது. கிணற்றைப் பாகம் பிரித்தபோது என்னை ஏமாற்றியவன், எங்களுக்குள் பேச்சே கிடையாது. பிரிக்காமலே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன்.

ஓரமெல்லாம் கருப்பு. சாவுக் கடிதத்துக்குத்தான் அப்படித் தடவுவார்கள். "என்ர சாமி போயிட்டானே!" என்று அம்மா அலறினாள். கடிதத்தை நானே பிடுங்கினேன். பிரித்தால் அவன் கையெழுத்து. கருப்பு, என் கையிலிருந்து ஒட்டிய கம்பெனி மெஷின் எண்ணெய்.

எருமையைக்கூட நலம் கேட்டிருந்தான். என்னைக் கேட்கவில்லை.

"உன்னையக் கேட்டிருக்கானா, கண்ணு?"

"கேட்டிருக்கானுங்கம்மா."

அம்மா தூங்கிவிட்டாள். ஆனால் அவன் அதை எழுதியது போன வாரம். இன்று எப்படி இருக்கிறானோ? பாவி, உயிரோடு வந்து என்னோடு சண்டை போடட்டும்.