இரண்டு கோடுகளுக்கு நடுவே

ஐப்பசி, வியாழன் இரவு

கிணத்துக்கடவில் வரப்போகும் பள்ளிக்கூடத்துக்கு நான் போட்ட தள வரைபடத்தை, நான் பயிற்சி எடுக்கும் அலுவலகத்தில் சார் காலையில் பாராட்டினார். மாலையில் இடத்தைப் பார்க்கப் போனேன். பக்கத்துத் தோப்பு அக்கா வேலியோரம் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, அந்தக் கல்லு நட்ட எடத்துல என்னங்க வருது?”

“கார் நிறுத்துற இடங்க.”

“மழை பேஞ்சா எங்க தோப்புத் தண்ணி அங்க இருக்கற ஓடையிலதானுங்க வடியும். மண்ணக் கொட்டி மூடிப்போட்டா தென்னைக்குள்ளயே நின்னுபோகுமுங்க. உங்க சார்கிட்ட சொல்லுங்க.”

“சரிங்க அக்கா,” என்றேன்.

வரைபடத்தில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை, ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஒரு கோடு என்று வரைந்திருந்தேன். அந்த ஓடை இரண்டடி ஆழம்தான். இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விட்டது. அளந்தது சித்திரையில். காய்ந்த புல் என்று அதை மிதித்துத்தான் நடந்தேன்.

அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். சோம்பல்பட்டேன், அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு சார் போன் செய்தார். “காலைல ஜேசிபி வருதும்மா. மொதல்ல பார்க்கிங்தான் நிரவறாங்க. நீ போய் நின்னுக்க.”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

“சரிங்க சார்” என்று வந்தது.