மூன்றாம் முறை கேட்டான்

திஷ்ரி ஒன்பது, நோன்புக்கு முந்தின நாள், மதியம்

அன்பு மகள் ஸோஹ்ராவுக்கு, அம்மா ஃப்ரேஹா எழுதுவது. இன்றைய தேதிக்கு நானும் உன் தம்பி மஸூதும் கை கால் குறைவில்லாமல் இருக்கிறோம், இதற்கு மேல் சொல்லத் தைரியமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மாண்ட்ரியலில் சுகமாக இருக்க வேண்டும், வரும் வருடத்துக்கு உங்கள் மூன்று பெயரும் வாழ்கிறவர்களின் ஏட்டில் எழுதப்பட்டு முத்திரை விழ வேண்டும். சால்வை வந்தது, நல்ல கம்பளி, ஆனால் இங்கே பாலைவனக் காற்று இன்னும் அடுப்பு மாதிரிதான் அடிக்கிறது. சூரியன் இறங்கி நோன்பு தொடங்கிவிட்டால் பேனாவைத் தொடக் கூடாது, அதனால் அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழையைப் பார்க்காதே.

சாயப் பட்டறை மேனேஜர் ஹனன்யாவை உனக்குத் தெரியும், மொராக்கோவிலிருந்து நாம் வந்த அதே கப்பலில் வந்தவன், உன் அப்பாவின் ரொட்டியில் பாதி தின்றவன். இப்போது டெல் அவீவ் முதலாளிகளுக்கு அவன்தான் வலது கை. இந்த நோன்புக்கு முந்தின எலூல் மாதம் முழுக்க விடிவதற்கு முன்னால் ஜெபக் கூடத்தில் அவன் குரல்தான் பெரிசு, பாவம் செய்தேன் பாவம் செய்தேன் என்று நெஞ்சில் குத்திக்கொள்வது தெரு முனை வரை கேட்கும். பிறகு நேரே பட்டறைக்குப் போய், நின்றுகொண்டு டீ குடித்த பையனுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பான். உன் அப்பாவின் கல்லறைக்குப் பத்து ஆட்களைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டானாம், பத்து பேரும் அவனிடம் கூலி வாங்குகிறவர்கள். செத்தவரின் பெண்டாட்டி என்னிடமும் கேட்க வேண்டும் என்று ஜெபக் கூடத்து ரப்பி சொல்லியிருக்கிறார். எலூல் கடைசியில் முதல் தடவை மூன்று சாட்சிகளோடு வீட்டுக்கு வந்தான். ஃப்ரேஹாக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க என்றான். எதுக்குன்னு சொல்லு என்றேன். எல்லாத்துக்கும்தான்க்கா என்றான். கதவைச் சாத்தினேன். புது வருடப் பண்டிகை முடிந்த மறுநாள் மறுபடி வந்தான், அதே எல்லாத்துக்கும்தான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நம் சட்டப்படி மூன்று தடவை சாட்சியோடு கேட்டு மூன்று தடவையும் நான் மாட்டேன் என்றால், அவன் தன் கடமையை முடித்தவன், பாரம் என் தலைக்கு வந்துவிடும். அதனால் மூன்றாவது தடவை அவன் கேட்கவே விடக் கூடாது என்று முடிவு செய்தேன். வாயில் கதவு தட்டினால் பின் பக்கமாகப் போனேன். ஒரு நாள் சலவைத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், உன் அம்மா, இந்த வயதில், திருடி மாதிரி. பக்கத்து வீட்டு சிம்ஹா பார்த்துவிட்டுச் சிரித்தாள், என்னடி ஃப்ரேஹா, கடன்காரனா, பொண்ணு பார்க்க வந்தவனா என்றாள். அவன் மன்னிப்பு வாங்காமலே நோன்புக்குள் போகட்டும், அந்தப் பயத்திலாவது உன் அப்பாவைக் கொண்டுபோன அந்தப் பட்டறை பாய்லரைச் சரி பண்ணட்டும் என்பதுதான் என் கணக்கு. அவனுக்கு ஆண்டவரிடம் மட்டும்தான் பயம், பாய்லர் பக்கத்தில் நிற்கிற உன் தம்பியைப் பற்றிக் கவலை கிடையாது.

இன்று காலை, பாவப் பரிகாரமாகத் தலைக்கு ஒரு கோழி அறுக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு பெட்டைக் கோழி, மஸூதுக்கு ஒரு சேவல், இரண்டையும் காலைக் கட்டி இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன், முன்னேயும் பின்னேயும் நாற்பது பெண்கள், எங்கே ஓடுவது. ஹனன்யா வெள்ளைச் சட்டையோடு வந்தான். கூட மூன்று சாட்சிகள். ஒருவன் அவனுடைய கணக்குப்பிள்ளை, ஒருவன் ஜெபக் கூடக் காவல்காரன், மூன்றாவது ஆள் மஸூத். என் வயிற்றில் பிறந்தவன், பட்டறை உடுப்போடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், ஸோஹ்ரா. அதைப் பார்த்ததும் ஆறு நாளாகக் கட்டிக் காத்த புத்தி போய்விட்டது. ஹனன்யா கேட்டு முடிக்கும் முன்னாலேயே மாட்டேன், மாட்டேன், செத்தாலும் மாட்டேன் என்று கத்திவிட்டேன். சிம்ஹா என் முழங்கையைப் பிடித்து, நோன்பும் அதுவுமா கல்லு மாதிரி நிக்கிறியேடி, ஒரு வார்த்தை சொன்னா நாக்கா தேஞ்சிடும் என்றாள். ஹனன்யா கோபப்படவில்லை. மூணாச்சு, நீங்கதான் சாட்சி என்று மூன்று பேரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, முகம் கழுவினவன் மாதிரி தெளிவாகப் போனான். இனி அவனுக்குப் பயம் இல்லை. அதைக் கழற்றிவிட்டது நான்தான்.

பிறகு மஸூதின் சேவலை அறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது, ஆகாது என்று ஒதுக்கிப் போட்டார் அறுப்பவர். பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, வேறு ஒரு சேவல் வாங்கினேன். நான் நம்புவது பாய்லர் வால்வைத் திறக்க விடாமல் இறுக்கியிருக்கிற கம்பியை.

வரும் வழியில் மஸூதைக் கேட்டேன், ஏன்டா வந்தே என்று. கூப்பிட்டார், போகலைன்னா வேலை போயிடும்மா, மன்னிச்சு விட்டுத்தொலைச்சாதான் என்ன என்றான். சேஃப்டி வால்வில் கம்பி இன்னும் இருக்கா என்றேன். இருக்கு, அது இல்லாட்டி ஆவி வீணாப் போகுது, சாயம் ஏறாது, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க என்றான். அப்புறம் என் தோளைத் தட்டி, பயப்படாதேம்மா, அப்பா தூங்கிட்டார், நான் தூங்க மாட்டேன் என்று சிரித்தான்.

மகளே, இன்று நாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். ஹனன்யா மாதிரி எல்லாத்துக்கும் என்று கேட்க மாட்டேன், பெயர் சொல்லிக் கேட்கிறேன். உன் அப்பா மக்லூஃப் தூங்கவில்லை. வால்வைக் கம்பி போட்டு இறுக்கச் சொன்னது ஹனன்யா, அது ஒரு நாள் வெடிக்கும் என்று உன் அப்பா சாப்பிடும்போது என்னிடம் இரண்டு தடவை சொன்னார். துக்கத்துக்கு உட்கார்ந்த ஏழு நாளில் நாலாம் நாள் ஹனன்யா ஒரு தாள் கொண்டுவந்தான், பாய்லர் காவல் நேரத்தில் தூங்கியதால் விபத்து என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடுங்கக்கா, பட்டாளத்திலேர்ந்து பையன் வந்ததும் அப்பா இடம் அவனுக்குத்தான் என்றான். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே போட்டேன். உன்னிடமும் அதே பொய்யை எழுதினேன். என் பிள்ளையை அந்த பாய்லருக்கு முன்னால் நிறுத்தியது என் கை, அந்தக் கம்பிக்குப் பயப்படாமல் இருக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் என் கையெழுத்து. இதற்காக என்னை மன்னிப்பாயா என்று கேட்கிறேன். முடியாது என்றாலும் எழுது.

நாளை நோன்பு முடிந்து கொம்பு ஊதியதும் மஸூத் போய் பாய்லரைப் பற்றவைக்க வேண்டும், கூடாரப் பண்டிகைக்கு முன்னால் சரக்கு கப்பல் ஏற வேண்டுமாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது பன்னிரண்டு நாள் எரிந்திருக்கும். கிடைத்த அன்றே அவன் பெயருக்குத் தந்தி அடி, அங்கே வேலை இருக்கிறது, வா என்று. வேலை இல்லாவிட்டாலும் அடி. மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டு உட்காராதே. மஸூத் நோன்புக்கு முந்தின முழுக்குக் குளியலுக்குப் போயிருக்கிறான், வந்ததும் உனக்கு எழுதியதையே அவனிடமும் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசி சொல்ல வேண்டிய நேரம் இது. உன் தலை எட்டாது, இந்தத் தாள் மேல் கையை வைக்கிறேன். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் குழந்தை உன் பொய்யை ஒருநாளும் கேட்காமல் வளரட்டும். தந்தியை மறக்காதே.

உன் அம்மா,
ஃப்ரேஹா

இன்னும் வெளிச்சம் இருக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன். மஸூதிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஈரத் தலையோடு நின்று முழுக்கக் கேட்டான். எங்கேம்மா உன் மூணு சாட்சி என்று மட்டும் கேட்டான். ஒரு வாய் சாப்பிடவில்லை, வெள்ளை உடுப்பு மாற்றிக்கொண்டு ஜெபக் கூடத்துக்குப் போய்விட்டான். நாளைக்கு வேலைக்குப் போவானா, எனக்குத் தெரியாது. பாய்லர் அறைச் சாவி கதவோரத்து ஆணியில் தொங்குகிறது. நோன்பு முடியும் வரை அதை அவனும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.