ஆன்னிகாவின் தலைமுடிக்கு மூன்று கறுப்பு பீன்ஸ்

ஆன்னிகா,

நேற்று நீ சாப்பிடாமலே மாடிக்குப் போய்விட்டாய். உன் பங்கு உருளைக்கிழங்கு கேசரோல் ஃப்ரிட்ஜில் நீல மூடி டப்பாவில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

நீ மொட்டையடித்துக்கொள்ளலாமா என்று வழக்கம்போல் காபி ஜாடியில் பீன்ஸ் விதை போட்டு ஓட்டெடுத்தோம்; வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம். அப்பா, உன் தம்பி நீல்ஸ், நான், மூவரும் கறுப்பு. உன்னுடையது மட்டும் வெள்ளை. "அப்ப அப்பா தாடிக்கு எப்பம்மா ஓட்டு?" என்று கேட்டாய். அப்பா சிரித்தார். நான், "எண்ணிக்கை சரியாத்தான்டி இருக்கு" என்றேன்.

எண்ணிக்கை சரிதான். ஜாடியை எடுத்ததுதான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்பது நம் நால்வர் விஷயம். உன் தலை உன் ஒருத்தியின் விஷயம். இதைத்தான் இருபது வருடமாகக் கல்லூரி அரசியல் வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அப்பாவின் முடிவெட்டும் மெஷினைக் குளியலறையில் சார்ஜில் போட்டிருக்கிறேன்.

அம்மா

பி.கு.: மினசோட்டாவின் ஜனவரிக் குளிரில் மொட்டை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் இது என் கருத்து, ஓட்டு இல்லை.

இன்னொன்று: பின்மண்டை உனக்கு எட்டாது. ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். வேண்டுமென்றால் காத்திரு, நான் எடுத்துவிடுகிறேன்.