ஒன்பது கப்பல்களின் வரிசை

அண்ணா,

தேங்காய்ப்பட்டணத்தில் நீ போட் எஞ்சின் பழுது பார்த்த டீசல் வாடை உன் போன் உறையில் இன்னும் இருக்கிறது. அந்தப் போனைக் கண்டால் அம்மை அழுவாள். அதனால் அவள் உறங்கிய பிறகுதான் அலமாரியிலிருந்து எடுப்பேன். இன்று எடுத்தபோது, போன் விளையாட்டில் உன் எதிராளியான தூத்துக்குடிக்காரரின் செய்தி கிடந்தது: "என்னண்ணே, காலையிலேர்ந்து நகர்த்தலையே. பயந்துட்டீங்களா?"

பயந்துதான் இருக்கிறேன். களியக்காவிளைச் சாலையில் உன் பைக் லாரியில் மோதி நாற்பது நாளாகிறது. நீ பாதியில் விட்ட விண்வெளிப் போர் ஆட்டத்தை அன்றிலிருந்து உன் பெயரில் நான்தான் ஆடுகிறேன். நீ இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை.

உன்னைப் போல ஆடுவது கடினமாக இல்லை. பழைய பாய்க்கப்பல்களுக்குப் பீரங்கி பக்கவாட்டில் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, விலாவை எதிரிக்குக் காட்டிச் சுடுவார்கள். நம் விண்கப்பல்களுக்கும் அதே விதி என்பதால், உன் ஒன்பதும் எப்போதும் வரிசையில்தான் நிற்கும்.

"அங்க காத்து ஏது? பாய்க்கப்பல் புத்தி எப்பிடி பலிக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காத்து இல்லாட்டி சூரியன் இருக்குல்லா ஏட்டி. அத முதுகுல வச்சிட்டுப் போனா எதிராளிக்குக் கண்ணு கூசும்."

பெஞ்சில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக் காட்டினாய். நான் ஒரு கொட்டையைப் பெஞ்சுக்கு அடியில் பிடித்து, "இங்க இருந்து வந்தா?" என்றேன்.

"பெஞ்சுக்கு அடியில எவன் ஏட்டி கப்பல் ஓட்டுவான்?" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன்.

இன்று தூத்துக்குடிக்காரர் அடியிலிருந்து வருகிறார். உன் பீரங்கி ஒன்றுகூடக் கீழே திரும்பாது. வரிசையில் நின்றால் ஒன்பதும் போகும். கலைத்தால் சில பிழைக்கும். ஆனால் நீ ஒருநாளும் வரிசையைக் கலைத்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.

அம்மை புரண்டு படுத்தாள். போனை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு, அவள் மூச்சு சீராகும்வரை அசையாமல் கிடந்தேன். பிறகு முன்னால் நின்ற மூன்றை விட்டுக்கொடுத்து, மற்ற ஆறையும் பிரித்து அவர் மட்டத்துக்கு இறக்கினேன்.

உடனே பதில் வந்தது. "இது அண்ணன் ஆட்டம் இல்லையே. யாரு நீங்க?"

"தங்கச்சி" என்று எழுதினேன். அதற்குக் கீழே, "அண்ணன் இறந்துட்டான்" என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டார். எனக்குப் பயம் போகவில்லை, அண்ணா. உன் ஆறு கப்பல்கள் என்னிடம் இருக்கின்றன. அடுத்த நகர்த்தலை நானேதான் யோசிக்க வேண்டும்.