'பெரட்டு' யார் எடுத்த படம்

ஈப்போ
4.3.2024

சின்னையா அண்ணனுக்கு,

கஸ்பாரின் மனைவி ஐவி எழுதுகிறேன். போன வருஷம் அவர் அடக்கத்துக்கு வந்து, வாசல் கேட்டருகிலேயே நின்றுவிட்டுப் போனீர்கள். பேச முடியவில்லை. உங்கள் எண் கிடைத்தது. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் போனை வைத்துவிடுவீர்களோ என்றுதான் கடிதம்.

தாப்பாவில் பழைய படக்கொட்டகையை இடித்தபோது மாடியில் நாலு தகர டப்பாக்கள் கிடைத்தனவாம். கோலாலம்பூரில் இருக்கும் அரசாங்கத் திரைப்படக் காப்பகம் அவற்றை எடுத்துப் போயிருக்கிறது. ஒன்றில் 'பெரட்டு' இருக்கிறது. 1986இல் நீங்கள் இருவரும் சுங்காய் தோட்டத்தில் எடுத்த படம். பூஞ்சையைத் துடைத்து, கணினியில் ஏற்றி, ஜூன் மாதம் ஈப்போவில் திரையிடப் போகிறார்கள்.

படத்தில் 'எழுத்து, இயக்கம்: கஸ்பார்' என்றிருக்கிறது. வாரிசு என்று நான் கையெழுத்துப் போட்டால் ஆவணத்திலும் அப்படியே ஏறிவிடும். அது உங்கள் கதை, நீங்கள் இயக்கிய படம், அவர் கேமரா மட்டும்தான் பிடித்தார் என்று சுங்காயில் எல்லாரும் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த வாரமே என் காதில் விழுந்தது.

'நான்தான் இயக்குநர்' என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும், மாற்றிவிடுவார்கள். அவருக்காக நான் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஐவி


தாப்பா
19.3.2024

ஐவி தங்கச்சிக்கு,

கடுதாசி வந்துச்சு. நலம்தான். பஸ் ஓட்டுறத விட்டு ஆறு வருஷமாச்சு. கேமரன் மலை வளைவுல முப்பது வருஷம் ஏறி இறங்கினதுல இடுப்பு போச்சு, மத்தபடி குறை இல்ல. உனக்குச் சக்கரை இருக்குன்னு கேள்விப்பட்டேன். மருந்தை விட்றாத.

படம் கெடச்சதுல சந்தோஷம். ஆனா பேரு அப்படியே இருக்கட்டும்லா. மனுஷனே போய்ச் சேர்ந்துட்டான். இப்போ போய் அதை மாத்தி யாருக்கு என்ன ஆகப் போகுது? நீ கையெழுத்துப் போட்டுரு. மன்னிப்பு கின்னிப்புன்னு நீ கேக்க வேணாம்.

இப்படிக்கு,
சின்னையா


ஈப்போ
2.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. காப்பகத்துக்கே போய்விட்டு வந்தேன். விக்னேஸ்வரன் என்ற அதிகாரி, நம் தமிழ்ப் பையன்தான், குளிர் அறையில் உட்காரவைத்து 'பெரட்டு' போட்டுக் காட்டினார். முப்பத்தைந்து நிமிஷம். இத்தனை வருஷத்தில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

காலையில் வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தண்டல் பேர் கூப்பிடுகிறார். ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பெண் வரிசையை விட்டு வந்து, லயத்து வீடுகளுக்கு வரும் குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்து மேனேஜர் காலடியில் வைக்கிறாள். களை மருந்து கலந்த தண்ணீர். அவர் வாளியைப் பார்க்கவே இல்லை. அவளும் நகரவில்லை. தண்டல் அடுத்த பேரைக் கூப்பிடுகிறார், யாரும் 'இருக்கேன்' என்று சொல்லவில்லை. நான் வாய்மேல் கையை வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் உங்கள் அக்கா பாப்பா என்று பெயர்ப் பட்டியலில் பார்த்தேன்.

இதை எடுத்தவர் பேர் தெரியாமல் போகக்கூடாது அண்ணே.

உங்களிடம் இன்னொன்றும் சொல்கிறேன். கல்யாணமாகி ஏழாம் வருஷம், ஏதோ சண்டையில் அவரை 'அடுத்தவன் உழைப்பைத் திருடினவர்தானே' என்று கேட்டுவிட்டேன். மகன் கென்னத் பக்கத்தில் இருந்தான். அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் மறுக்கவில்லை. அதனால்தான் உண்மை என்று நம்பினேன்.

விக்னேஸ்வரன் மே மாதம்வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

அன்புடன்,
ஐவி


தாப்பா
14.4.2024

தங்கச்சி,

புதுவருசத்துக்கு மக வீட்டுல எல்லாரும் கூடியிருக்காங்க. நான் மட்டும் அறைக்கதவைச் சாத்திட்டு எழுதுறேன். வாட்சப்புல அனுப்புனா மக படிச்சிருவா.

கஸ்பார் திருடல.

கதை என்னுது. எடுத்ததும் நான்தான். படத்துல மொதல்ல என் பேருதான் இருந்துச்சு. மேனேஜர் காதுக்கு விஷயம் போயிருச்சு. எங்கப்பாவை ஆபிசுக்குக் கூப்பிட்டு, 'இதை எழுதினது ஒம் மகன்னா லயத்தைக் காலி பண்ணு'ன்னுட்டான். அப்பா, அம்மா, பாப்பாக்கா எல்லாரும் அந்த ஒரு லயத்துலதான் இருந்தோம். நான் கஸ்பார் வீட்டுக்கு ஓடுனேன். "மச்சான், என் பேரை எடுத்துரு"ன்னேன். "எடுத்தா யாரு பேரைப் போடுறது? பேரு இல்லாம விட்டா உன்னைத்தான் தேடுவாங்க"ன்னான். அப்புறம் அவனே ஒரு அட்டையில தன் பேரை எழுதிப் படம் புடிச்சு, பிலிம்ல என் பேரு இருந்த எடத்துல ஒட்டுனான். நான் பயந்தது வெளியே தெரியக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

கஸ்பார் அப்பாவுக்குத் தோட்டத்து ஆபிசுல கணக்கெழுதுற கிராணி வேலை போனது அதனாலதான். அவங்க குடும்பம் ஈப்போவுக்கு மாறினது வசதிக்காகன்னு உங்கிட்ட சொல்லியிருப்பாங்க.

அப்புறம் ஊர்ல, கஸ்பார் என் படத்தைத் திருடிட்டான்னு பேச்சு வந்துச்சு. நான் கெளப்பல. ஆனா இல்லன்னும் சொல்லல. பயந்தாங்கொள்ளின்னு பேரெடுக்கிறதுக்கு, ஏமாந்தவன்னு பேரெடுக்கிறது எனக்குச் சுகமா இருந்துச்சு.

பல வருஷம் கழிச்சு, நான் பஸ் ஓட்டிக்கிட்டிருந்தப்போ, ஒரு தடவை தாப்பா பஸ் ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பாத்தான். "ஐவிகிட்ட மட்டும் சொல்லிக்கிறேனே மச்சான், வேற யாருக்கும் வேணாம்"னான். அப்போ எனக்கு ஏன்னு தெரியாது. வேணாம்னுட்டேன். பஸ் எடுக்க நேரமாச்சுன்னு ஏறிட்டேன். நீ எழுதினதைப் படிச்சப்புறம்தான் எதுக்கு வந்தான்னு புரியுது.

அதுக்குத்தான் அடக்கத்தன்னிக்கு உள்ள வரல.

சின்னையா


ஈப்போ
9.5.2024

திரு. சின்னையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. கென்னத்தைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவன் அப்பாவைப் பற்றி அவன் எதிரிலேயே நான் சொன்னதை, அவன் எதிரிலேயே இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் எழுந்து போய்விட்டான். நேற்றுதான் திரும்பி வந்து, மருந்து சாப்பிட்டேனா என்று கேட்டான்.

அப்போது உங்களுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் நீங்கள் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பஸ் ஸ்டேஷனில் நின்றபோது உங்களுக்கு நாற்பதை நெருங்கியிருக்கும். லயம் கிடையாது, மேனேஜர் கிடையாது. அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வாயில் வந்ததை எல்லாம் சொன்னது நான்தான், அந்தப் பொறுப்பு என்னுடையது. ஆனால் அவர் வாயைக் கட்டிப்போட்டது நீங்கள்.

காப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எழுத்து, இயக்கம்: சின்னையா. ஒளிப்பதிவு: கஸ்பார். பெயர் மாறியிருந்த காரணத்தைக் காப்பகக் கோப்பில் நாலு வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்கு உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். படிவம் உள்ளே இருக்கிறது. இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஜூன் எட்டாம் தேதி இரண்டு காட்சிகள். மாலைக் காட்சியில் முதல் வரிசையில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறார்கள். படம் முடிந்து உங்களை மேடைக்குக் கூப்பிடுவார்கள். போய்விட்டு வாருங்கள்.

நானும் கென்னத்தும் காலைக் காட்சிக்குப் போகிறோம்.

ஐவி கஸ்பார்